காவலாளிக்கு எதற்குக் கருவூலச் சாவி?

(நீண்ட பதிவு. ஆய்வு மாணவர்களும், துறைத் தலைவர்களும், ஆய்வு நெறிமுறைக் குழுக்களில் அமர்ந்திருப்போரும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன். கணினித் துறையினருக்கு மட்டுமான பதிவு அன்று இது.)

நம் உயர்கல்வி நிறுவனங்களின் கணினி அறைகளில் ஒரு வழக்கம் ஏறத்தாழச் சடங்காகவே நிலைபெற்றுவிட்டது. புதிய லினக்ஸ் சர்வர் ஒன்றை நிறுவியதும், செய்யப்படும் முதல் வேலைகளில் ஒன்று எஸ்இலினக்ஸை அணைத்து வைப்பது. ‘செட்என்ஃபோர்ஸ் 0’ என்ற ஒற்றைவரிக் கட்டளையை மூத்தவர் இளையவருக்குச் சொல்லித் தருகிறார். இளையவர் அடுத்த ஆண்டு மூத்தவராகித் தாமும் சொல்லித் தருகிறார். ஏன் அணைக்கிறீர்கள் என்று கேட்டால் அடிக்கடி கிடைக்கும் விடை இது: “கண்காணிப்பு ப்ளகின்கள் ஓடமாட்டேன் என்கின்றன.”

அதாவது, சர்வர் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, சர்வரின் பாதுகாப்பை நீக்கிவிடுகிறோம். இந்த முரண் யாரையும் உறுத்தவில்லை என்பதே இப்பதிவை எழுதத் தூண்டியது.

1. ப்ளகின் என்பது என்ன?

நேகியோஸ், முனின் போன்ற கண்காணிப்பு மென்பொருள்கள் தாமே எதையும் அளப்பதில்லை. அளக்கும் வேலையைச் சிறுசிறு நிரல்களிடம் ஒப்படைக்கின்றன. வட்டில் எவ்வளவு இடம் மீதமிருக்கிறது, மின்னஞ்சல் வரிசை நீண்டுவிட்டதா, தரவுத்தளம் உயிரோடு இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல். வழக்கமான அமைப்பில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது எழுந்து, அளந்து, ஒரு வரியில் விடை சொல்லிவிட்டு உறங்கிவிடும். நேகியோஸ் மரபில் அதன் தீர்ப்பு ஓர் எண்: 0 என்றால் நலம், 1 என்றால் எச்சரிக்கை, 2 என்றால் ஆபத்து, 3 என்றால் தெரியவில்லை.

இவ்வளவு எளிய வேலையைச் செய்யும் இந்த நிரல்கள் யாரால் எழுதப்பட்டவை? சில மூலத் திட்டத்தோடு வருகின்றன. மற்றவை உலகெங்கும் உள்ள முகமறியாத பலர் தத்தம் தேவைக்காக எழுதிப் பொதுவில் வைத்தவை. நாம் பதிவிறக்கி, இயங்குகிறதா என்று மட்டும் பார்த்து, மறந்துவிடுகிறோம். அவற்றுள் சில, வட்டின் உடல்நிலையை வன்பொருளிடமே நேரடியாகக் கேட்க வேண்டியிருப்பதால், ரூட் உரிமை கோருகின்றன. முனினில் ஒரு ப்ளகினை ரூட்டாக ஓடச் செய்ய அமைப்புக் கோப்பில் ஒரு வரி போதும். நேகியோஸ் பயனருக்கோ கடவுச்சொல் கேட்காத சுடோ உரிமை வழங்கப்படுகிறது. ஒரு கட்டளைக்கு மட்டும் வழங்க வேண்டியதைச் சோம்பலால் எல்லாக் கட்டளைகளுக்கும் வழங்கிவிடுவோரும் உண்டு.

விளைவைச் சிந்தியுங்கள். அளவுகோலைக் கையில் வைத்திருப்பவனுக்கு வீட்டின் அத்தனை அறைகளின் சாவியும் கொடுக்கப்படுகிறது. அவனோ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வீட்டுக்குள் வந்து போகிறான்.

2. கட்டாயக் கட்டுப்பாடு என்ன செய்கிறது?

யூனிக்ஸ் மரபின் பழைய ஏற்பாடு, விருப்புரிமை அணுகல் கட்டுப்பாடு. கோப்பின் உடைமையாளர் யாருக்கு விரும்புகிறாரோ அவருக்கு அனுமதி தரலாம். ரூட்டுக்கு எந்தத் தடையும் இல்லை. கட்டாய அணுகல் கட்டுப்பாடு இதற்கு மேல் இன்னொரு வாயிலை வைக்கிறது. அந்த வாயிலில் உடைமையாளரின் விருப்பம் செல்லாது. ஒவ்வொரு நிரலும் ஒரு களத்துக்குள் ஓடுகிறது. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அடையாளச் சீட்டு உண்டு. எந்தக் களம் எந்தச் சீட்டை என்ன செய்யலாம் என்பதைக் கெர்னல் விதிப்பட்டியலைப் பார்த்தே முடிவு செய்கிறது. பட்டியலில் இல்லாதது மறுக்கப்படும். நிரல் ரூட்டாக ஓடினாலும் தன் களத்துக்குள் கட்டுண்டே ஓட வேண்டும்.

இதன் நுட்பத்தை வட்டுச் சோதனை ப்ளகினை வைத்தே விளக்கலாம். ஒரு கோப்பு முறைமையில் எவ்வளவு இடம் மீதமுள்ளது என்று கேட்பது ஓர் அனுமதி. அதே கோப்பு முறைமையிலுள்ள கோப்பொன்றைத் திறந்து படிப்பது முற்றிலும் வேறோர் அனுமதி. ரூட் உரிமையில் இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. எஸ்இலினக்ஸில் முதலாவதைக் கொடுத்து இரண்டாவதை மறுக்க முடியும். நிரம்பியிருக்கும் பெட்டியின் எடையைப் பார்க்கலாம்; பெட்டியைத் திறக்கக் கூடாது.

இதை நாமே தொடக்கத்திலிருந்து எழுத வேண்டியதும் இல்லை. எஸ்இலினக்ஸின் பொதுக் கொள்கைத் தொகுப்பில் நேகியோஸ், முனின் ப்ளகின்களுக்கு ஏற்கெனவே வகைவகையாகக் களங்கள் வகுக்கப்பட்டுள்ளன: வட்டைப் பார்ப்பவற்றுக்கு ஒன்று, மின்னஞ்சலைப் பார்ப்பவற்றுக்கு ஒன்று, சேவைகளைப் பார்ப்பவற்றுக்கு ஒன்று, கணினியின் பொதுநிலையைப் பார்ப்பவற்றுக்கு ஒன்று. திருக்குறளின் ‘ஒற்றாடல்’ அதிகாரம், ஒற்றர்கள் ஒருவரையொருவர் அறியாதவாறு ஆளப்பட வேண்டும் என்றும், ஒருவர் கொணர்ந்த செய்தியை இன்னொருவரைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஒற்றரை வைத்துக்கொள்ளாதே என்று அது சொல்லவில்லை. ஒற்றரையும் ஒற்றறியாமல் நம்பாதே என்கிறது. ப்ளகின்களைத் தனித்தனிக் களங்களில் அடைத்தவர்களின் சிந்தையும் இதுவே.

3. பெஹாலாவின் பாடம்

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும் பெஹாலாவின் ஒரு பகுதி பரிஷா. அங்கே சாபர்ண ராய் சௌத்ரி குடும்பத்தின் ஆட்சாலா மண்டபம் இருக்கிறது. 1698 நவம்பர் 10 அன்று சுதானுதி, கோவிந்தபூர், காலிகாதா ஆகிய மூன்று ஊர்களின் ஜமீன் உரிமை 1300 ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறிய ஆவணம் அக்குடும்பத்தோடும் இவ்விடத்தோடும் பிணைந்தது. கைமாறியது அரசுரிமை அன்று. வரி தண்டும் உரிமை மட்டுமே. 1757இல் பிளாசி. 1765இல் வங்காளம், பீகார், ஒரிசாவின் திவானி உரிமை. அதுவும் பெயரளவில் வருவாய் தண்டும் உரிமைதான். கணக்குப் பார்க்க உள்ளே விடப்பட்டவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்பதை வரலாற்றுத் துறை நண்பர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கணினிப் பாதுகாப்பில் இதற்கு ‘உரிமை உயர்த்தல்’ என்று பெயர். குறுகிய வேலைக்காகப் பெற்ற அனுமதியைப் படியாக்கி மேலே ஏறுவது. ஏறியவனைப் பழிப்பது எளிது. ஏணியை அங்கே சாத்தி வைத்தது யார் என்பதே பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோர் கேட்க வேண்டிய வினா.

கற்பனை ஆபத்தை வைத்து மிரட்டுவதாகச் சிலர் சொல்லக்கூடும். நேகியோஸின் தொலைநிலை முகவரான என்ஆர்பிஇயில், வெளியிலிருந்து ப்ளகின்களுக்கு மதிப்புகளை அனுப்ப அனுமதிக்கும் ஓர் அமைப்பு உண்டு. அதன் பெயரே ‘டோன்ட் பிளேம் என்ஆர்பிஇ’. இதை இயக்கிவிட்டு எங்களைக் குறைசொல்லாதே என்று பொருள். எழுதியவர்களுக்கே இருந்த அச்சத்தை இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது. அந்த அமைப்பு இயக்கப்பட்டிருந்தால், அனுப்பப்படும் மதிப்புக்குள் ஒரு கட்டளையையே மறைத்துப் புகுத்தலாம் என்பது 2013இல் பதிவான குறைபாடு. அத்தகைய கட்டளை கட்டற்ற சர்வரில் ஓடினால் அந்தப் பயனர் தொடக்கூடிய அனைத்தையும் தொடும். சுடோவும் கையிலிருந்தால் கேட்கவே வேண்டாம். களத்துக்குள் ஓடினால், களத்துக்கு அனுமதிக்கப்பட்டதை மட்டுமே தொடும்.

2021 பிப்ரவரியில் பிரெஞ்சு அரசின் இணையப் பாதுகாப்பு முகமையான ஆன்சி ஓர் அறிக்கை வெளியிட்டது. சென்ட்ரியான் என்னும் கண்காணிப்பு மென்பொருளை நிறுவியிருந்த லினக்ஸ் சர்வர்கள் வழியாகப் பல பிரெஞ்சு நிறுவனங்களுக்குள் ஊடுருவல் நடந்தது என்றும், அது 2017 முதல் 2020 வரை நீடித்தது என்றும் அது கூறியது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த கண்களின் ஊடாகவே மூன்றாண்டுகள் அந்நியர் நடமாடியிருக்கிறார்கள்.

4. இதில் நமக்கு என்ன இழப்பு?

நான் இணைந்து பணியாற்றும் குழுவின் சமூகவியல் நண்பர்கள், தெற்கு 24 பர்கனாவின் ஊர்களிலிருந்து நாள்தோறும் பெஹாலாவுக்கு வீட்டுவேலைக்கு வந்துபோகும் பெண்களிடம் நேர்காணல்கள் எடுத்திருக்கிறார்கள். கூலி பிடிக்கப்பட்டது, திருட்டுப் பழி சுமத்தப்பட்டது, வீட்டுக்காரர் கைநீட்டியது, கணவருக்குத் தெரியாமல் சேர்த்த பணம் என அப்பெண்கள் சொன்னவை ஒலிக்கோப்புகளாக இருக்கின்றன. பெயர், ஊர், வேலை செய்யும் வீட்டின் விவரம் எல்லாம் இன்னொரு கோப்பில். ஒவ்வொருவரிடமும் வங்காளத்தில் ஒப்புதல் படிவம் வாசித்துக் காட்டப்பட்டது. “நீங்கள் சொல்வதை ஆய்வாளர்களைத் தவிர வேறு எவரும் கேட்க முடியாது” என்று அதில் எழுதியிருக்கிறது. எழுத்தறியாத சிலர் கைநாட்டு வைத்தனர்.

அந்தக் கோப்புகள் தங்கியிருக்கும் சர்வரை நிர்வகிப்பது வேறொரு நிறுவனம். அதன் பெயர் இங்கே தேவையில்லை. தரவை அங்கே ஏற்றும் முன் நான் பார்வையிட்டபோது கண்டவை இவை. எஸ்இலினக்ஸ் அணைக்கப்பட்டிருந்தது. கண்காணிப்புப் பயனருக்குக் கடவுச்சொல் இல்லாத முழு சுடோ உரிமை இருந்தது. ப்ளகின் அடைவில், யார் எழுதியது என்று எவருக்கும் தெரியாத, பல ஆண்டுகளாகத் திறந்துகூடப் பார்க்கப்படாத நிரல்கள் இருந்தன. எழுத்து மூலம் முறையிட்டேன். வந்த மறுமொழியின் சாரம்: வரைபடங்கள் சரியாக வருகின்றன, கைவைக்க வேண்டாம்.

வரைபடங்கள் சரியாகத்தான் வந்தன. நடுவண் அலகின் சுமை, வட்டின் நிரப்பம், வலைப்போக்குவரத்து எல்லாம் பச்சை நிறத்தில் ஒளிர்ந்தன. அப்பெண்களின் ஒலிக்கோப்புகளைத் திறக்கவல்ல நிரல்கள் எத்தனை என்பதை மட்டும் எந்த வரைபடமும் காட்டவில்லை. ஒப்புதல் படிவத்தின் அந்த வாக்கியம், அந்தச் சர்வரில் பொய். எவரும் கோப்பைத் திருடியதாக நான் சொல்லவில்லை. “முடியாது” என்று வாக்களித்துவிட்டு “முடியும்” என்னும் நிலையில் வைத்திருப்பதே வாக்குத் தவறுதல் என்கிறேன். எங்கள் குழு தரவை அங்கே ஏற்றவில்லை. ஏற்றிய வேறு குழுக்களும் இருக்கின்றன.

5. வழக்கமான மறுப்புகள்

“அது மிகவும் சிக்கலானது.” எஸ்இலினக்ஸ் எளிது என்று நான் பசப்பமாட்டேன். ஆனால் ப்ளகின் விஷயத்தில் நேரும் தடைகளில் மீண்டும் மீண்டும் வருபவை சிலவே. ஒன்று, ப்ளகினைத் தன் வீட்டு அடைவில் இறக்கி, அங்கிருந்து ‘எம்வி’ கட்டளையால் நகர்த்துவது. நகர்த்தப்பட்ட கோப்பு பழைய அடையாளச் சீட்டையே சுமந்து செல்வதால் கெர்னல் மறுக்கிறது. ‘ரெஸ்டோர்கான்’ என்ற ஒரே கட்டளையில் அது சரியாகும். இரண்டாவது, தேவையான அனுமதி கொள்கைக்குள் ஒரு நிலைமாற்றியாகவே இருந்தும், அதை இயக்காமல் விடுவது. மூன்றாவது, ப்ளகின் உண்மையிலேயே புதிய எதையோ தொட விரும்புவது. அப்போது மறுப்புப் பதிவேட்டை வாசித்து, அது தொடத்தான் வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவைத்தான் சிக்கல் என்று நாம் அழைக்கிறோம். சிந்திப்பது சிக்கல்தான், ஆய்வு நிறுவனங்கள் அதற்கு அஞ்சலாமா? முழுக் கணினியையும் திறந்துவிடாமல், சோதனைக் காலத்தில் ஒரு களத்தை மட்டும் தளர்த்தி வைக்கும் வழியும் இருக்கிறது. டெபியன், உபுண்டு பயன்படுத்துவோருக்கு ஆப்ஆர்மர் இருக்கிறது. பாதைகளின் பெயர்களைக் கொண்டே அதில் விதி எழுதலாம்.

“நாங்கள் ஃபயர்வாலுக்குள் இருக்கிறோம்.” 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு மறையாக்கப்பட்டது, வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் கூறியது. கூடங்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தீநிரல் பற்றிய தகவலைச் செர்ட்-இன் 2019 செப்டம்பர் 4 அன்றே கவனித்துத் தெரிவித்தது. அக்டோபர் இறுதியில் முதலில் மறுப்பு வந்தது. மறுநாள் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு தொடர்புடைய கணினி என்றும், முக்கிய உள்வலையிலிருந்து அது பிரிக்கப்பட்டிருந்தது என்றும் கழகம் விளக்கியது. இவ்விரு நிகழ்விலும் கட்டாயக் கட்டுப்பாடு இருந்திருந்தால் எல்லாம் தடுக்கப்பட்டிருக்கும் என்று நான் வாதிடவில்லை. வெளிச்சுவர் தாண்டப்படும் என்பதையும், உள்ளே சுவர்கள் இருக்கின்றனவா என்பதே அதன்பின் சேதத்தின் அளவை முடிவு செய்கிறது என்பதையும் இவை காட்டுகின்றன.

“இத்தனை ஆண்டுகளாக ஒன்றும் ஆகவில்லையே.” பெஹாலாவாசிகளிடம் இந்த வாதம் எடுபடாது. நகரத்தோடு எங்களை இணைத்த மாஜேர்ஹாட் பாலம் பல பத்தாண்டுகள் நின்றது. 2018 செப்டம்பர் 4 அன்று பிற்பகலில் உயிர்களோடு சரிந்தது. நேற்று வரை நின்றது என்பது நாளை நிற்கும் என்பதற்குச் சான்றாகாது.

“நாங்கள் எல்லாவற்றையும் கண்டெய்னரில் ஓட்டுகிறோம்.” கணினியைக் கண்காணிக்கும் கண்டெய்னருக்குக் கணினி முழுவதும் தெரிய வேண்டும். ஆகவே, தாய்க்கணினியின் வேர் அடைவையே அதற்குள் படிக்கும் உரிமையோடு இணைத்துவிடுகிறார்கள். சிறைக்குள் வைத்துவிட்டு, சிறைக்குள்ளேயே ஊரையும் கொண்டுவந்து வைப்பது போன்றது இது. 2019 பிப்ரவரியில் ரன்சி குறைபாடு வெளிப்பட்டபோது, கண்டெய்னருக்குள்ளிருந்து தாய்க்கணினியைக் கைப்பற்றும் வழி திறந்தது. ரெட் ஹாட் லினக்ஸில் எஸ்இலினக்ஸ் அமலில் இருந்த இடங்களில் அது தடுக்கப்பட்டது. அணைத்து வைத்திருந்தவர்களுக்கு அந்தக் காப்பு இல்லை.

“எஸ்இலினக்ஸ் அமெரிக்க உளவு நிறுவனத்தின் படைப்பு அல்லவா?” அரசியல் உணர்வுள்ள நண்பர்கள் எழுப்பும் இவ்வினாவை நான் மதிக்கிறேன். ஆம், அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் அதை வெளியிட்டது. ஆனால் அதன் அடித்தளமான ஃப்ளாஸ்க் கட்டமைப்பு யூட்டா பல்கலைக்கழகத்தின் ஆய்வில் பங்கு கொண்டு பிறந்தது. மூலநிரல் வெளிப்படையானது, 2003 முதல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருந்து உலகின் கண்களுக்குமுன் திருத்தப்பட்டு வருகிறது. ஆண்ட்ராய்டு 5.0 முதல் அது முழு அமலில் இருப்பதால், இந்த வினாவைத் தட்டச்சு செய்யும் உங்கள் கைப்பேசியும் அதன் காவலில் இருக்கக்கூடும். ஐயம் நீங்காதவர் ஆப்ஆர்மரைத் தேரலாம். ஒன்றை ஐயுற்று இரண்டையும் கைவிடுவது அரசியல் ஆகாது.

“இது எல்லாவற்றையும் தடுத்துவிடுமா?” தடுக்காது. கெர்னலிலேயே குறையிருந்தால் கெர்னல் வைத்த வாயிலும் விழும். 2020 டிசம்பரில் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் நிகழ்வில், நஞ்சு உற்பத்தியாளரின் கையொப்பத்தோடு வந்த புதுப்பிப்பிலேயே இருந்தது. ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள் அதைப் பெற்றனர். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக்கின் தவறான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. இரண்டும் லினக்ஸ் ப்ளகின் கதைகள் அல்ல. ஆனாலும் இரண்டும் ஒன்றையே சொல்கின்றன: காவலுக்கு வைத்த மென்பொருள்தான் வீட்டில் அதிக உரிமை பெற்ற மென்பொருள்; வேலியே பயிரை மேய்ந்தால் இழப்பு பெரிது.

6. கேட்கப்படாத கேள்வி

2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட ஆணை, பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவும், நிகழ்வுகளை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் பணிக்கிறது. மேலும் பார், மேலும் பதிவு செய் என்பதே அதன் குரல். பார்ப்பவனின் கை எவ்வளவு தூரம் நீளலாம் என்பதைப் பற்றி அது பேசவில்லை. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனியர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. ‘தகுந்த’ என்ற சொல்லுக்கு நம் துறைகள் என்ன பொருள் கொள்ளப் போகின்றன?

சால்ட்சரும் ஷ்ரோடரும் எழுதிய 1975ஆம் ஆண்டுக் கட்டுரையை நம் முதுநிலைப் பாடத்திட்டங்களில் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு நிரலும் தன் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த உரிமையோடு இயங்க வேண்டும் என்ற அதன் கோட்பாட்டுக்குத் தேர்வில் மதிப்பெண் தருகிறோம். தேர்வு முடிந்ததும் ஆய்வுக்கூடத்துக்குச் சென்று, அதே மாணவரிடம் எஸ்இலினக்ஸை அணைக்கச் சொல்கிறோம். அந்த மாணவர் உண்மையில் கற்பது எந்தப் பாடம்?

ஆகவே, என் கோரிக்கைகள்.

துறைத் தலைவர்கள்: உங்கள் துறையின் சர்வர்களில் கட்டாய அணுகல் கட்டுப்பாடு அமலில் இருக்கிறதா என்று எழுத்து மூலம் விடை கேளுங்கள். விடை அறிய ஒற்றைக் கட்டளை போதும். ஒரு வாரம் கேட்டால் நம்பாதீர்கள்.

நிர்வாகிகள்: கண்காணிப்புப் பயனரின் பொது சுடோ உரிமையை நீக்குங்கள். ப்ளகின் ஒவ்வொன்றையும் திறந்து வாசியுங்கள். வாசிக்க இயலாததை அகற்றுங்கள். இருப்பவற்றுக்கு உரிய களத்தை வழங்குங்கள். கட்டற்ற களத்தில் எதை வைத்தாலும், ஏன் வைத்தீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

நெறிமுறைக் குழுக்கள்: தரவு எங்கே சேமிக்கப்படும் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அந்தக் கணினியில் ரூட் உரிமையோடு ஓடும் நிரல்கள் எவை, அவற்றைக் கட்டும் விதி எது என்றும் கேளுங்கள். விடை இல்லையேல் ஒப்புதல் படிவத்தின் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, உண்மையை எழுதச் சொல்லுங்கள்.

மாணவர்கள்: நிறுவல் வழிகாட்டியின் முதல் வரி ‘எஸ்இலினக்ஸை அணைக்கவும்’ என்றிருந்தால், அந்த வழிகாட்டியை மூடிவிட்டு வேறொன்றைத் தேடுங்கள். மூத்தவர் சொன்னால், காரணம் கேளுங்கள். “ப்ளகின் ஓடவில்லை” என்பார். எந்தக் கோப்பைத் தொட முயன்று மறுக்கப்பட்டது என்று அடுத்துக் கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால், மறுப்புப் பதிவேட்டை இருவருமாகத் திறந்து வாசியுங்கள்.

மறுப்பவர்கள் மறுமொழியில் எழுதலாம். “எங்கள் சர்வரில் பிரச்சினை இல்லை” என்று மட்டும் எழுதாதீர்கள். உங்கள் கண்காணிப்புப் பயனர் எந்தக் களத்தில் ஓடுகிறார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதிலிருந்து பேசத் தொடங்குவோம்.